நியூட்ரல்

பதினோரு வருடம் முத்தியால்பேட்டையில்
பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவள் நான்.
எட்டுப் பேருக்கான ஒம்னியில் பதினாலு.
ஒரு கீறல் கிடையாது. கதவில் இருப்பது
நிறுத்தி வைத்திருந்தபோது மாடு உரசியது.

பாரிசுக்கு வடக்கே, கிரேய் ஊரில்,
ஒரு நவம்பர் காலை
முப்பத்திரண்டு நிமிடத்தில் தோற்றேன்.

தேர்வாளர் நல்ல மனிதர். கையில் சின்னத் திரை.
"கண்ணாடியைப் பார்த்தீர்களா, மதாம்?"
பார்த்தேன்.
"நீங்கள் பார்த்ததை நான் பார்க்கவில்லையே."

எங்கள் ஊரில் யாரும் தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை.
பார்த்துவிட்டால் அப்புறம் நாம்தான் நிற்க வேண்டும்.
ஓரக்கண் போதும், மீதியைக் காது பார்த்துக்கொள்ளும்:
இது பால் வண்டி, இது புல்லட்,
இது திண்டிவனம் பஸ்,
இது பிரேக் பிடிக்காத ஏதோ ஒன்று.

அங்கே காதுக்கு வேலை இல்லை.
கட்டைவிரலுக்கும் இல்லை. ஐந்தாவது நிமிடம்
ஒரு புறாவுக்கு ஹாரன் அடித்தேன். குறித்துக்கொண்டார்.
வலப்பக்கச் சந்திலிருந்து எவன் வந்தாலும்
அவனுக்கே வழி. எவனும் வராத சந்துக்கும்
வேகம் குறைத்து ஒரு கும்பிடு போட வேண்டும்.
கியர் தேடிய இடக்கை கதவில் போய் இடித்தது.
திரும்புகிறேன் என்று சொல்ல
வலக்கை குச்சியைத் தட்டினால்
வெயிலில் வைப்பர் ஓடியது.

லைசென்ஸ் வந்தால் வேலை உண்டு.
பஸ் போகாத கிராமங்களில்
தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு
மாத்திரை எடுத்துக் கொடுத்து, சூப் சுடவைக்கும் வேலை.
அந்துவான் இரவுக் காவலுக்குப் போய்விடுகிறார்.
நான் ஜன்னலில் நின்று
அடுத்தவர்கள் கார் நிறுத்துவதைப் பார்க்கிறேன்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வந்திருக்கிறேன்.
மார்ச்சில் மறுதேர்வு.
ராத்திரி மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
எவர்சில்வர் தட்டைப் பிடித்து ஓட்டுகிறேன்.
உள்கண்ணாடி. பக்கக் கண்ணாடி. தோளுக்குப் பின்னால்.
திருப்பு, தாடை தோளைத் தொடட்டும்.
கீழே அண்ணி யாரிடமோ சொல்கிறாள்:
ஜெனவியேவுக்குக் கழுத்து புடிச்சிக்கிச்சாம்.

இன்று காலை அண்ணன் காரில் பூ வாங்கப் போனேன்.
நெல்லித்தோப்பு தாண்டி வெள்ளைக் கோடுகள்,
பாதி அழிந்தவை. ஆனாலும் கோடு கோடுதானே.
ஓரத்தில் ஒருவர், லுங்கியை மடித்துக் கட்டி,
தோளில் வாழையிலைக் கட்டு.
நின்றேன்.
அவர் இறங்கவில்லை.
கை காட்டினேன், வாங்க.
அவரும் கை காட்டினார், போங்க.
மூன்று வரை எண்ணச் சொல்வார்கள் அங்கே.
பதினெட்டு வரை எண்ணினேன்.
பின்னால் கடலூர் பஸ் அலற ஆரம்பித்தது.
இடப்பக்கமாகப் புகுந்த ஆட்டோக்காரர்
என் அம்மாவை விசாரித்துவிட்டுப் போனார்.

இலைக்கட்டுக்காரர் கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து
ஜன்னலில் குனிந்தார்.
"வண்டி நின்னுபோச்சாம்மா? பெட்ரோல் இருக்கா?"
பதில் எந்த மொழியில் என்று நான் தேடுவதற்குள்
டீக்கடையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுவிட்டார்.
கிளாசைக் கீழே வைக்காமலே வந்தான் ஒருவன்.
"நியூட்ரல்ல போடும்மா."

எஞ்சினை அணைத்தேன். போட்டேன்.
மூன்று பேர் தள்ள, சத்தமே இல்லாமல்
வெள்ளைக் கோடுகளைக் கடந்தேன்.
ஹாரன் அடிக்கவில்லை. வேகம் சரியாக இருந்தது.
உள்கண்ணாடி. பக்கக் கண்ணாடி.
பிறகு தாடை தோளைத் தொட
நன்றாகத் திரும்பி
மூன்று முகங்களையும் பார்த்தேன்.

"இங்க என்னத்தப் பாக்கற,
முன்னால பாரும்மா!"